பயத்துக்குப் பின் வரும் ‘ந’

பதுளை
14.2.1954

அன்புள்ள பெரியாயிக்கு அண்ணி கமலாம்பிகை எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அண்ணனும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் இடுப்புவலியும் அன்னக்கிளியின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

சைகோனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. உன் வீட்டுக்காரன், என் தம்பி எழுதியதல்ல. அவன் வேலை பார்த்த பட்டாளத்துச் சாமான் கிடங்கிலிருந்து ஒரு பிரெஞ்சுக்கார அதிகாரி எழுதியது. பயப்படாமல் படி.

நான் பிரெஞ்சு படிப்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். உன் அண்ணன் இன்றைக்கும் காலையில் “என்ன பிரெஞ்சுக்காரி, காபி இருக்கா?” என்றுதான் கேட்கிறார். பழைய துரை சீமைக்குப் போகும்போது ஏலம் போட்ட புத்தகக் கட்டில் அந்த இலக்கணப் புத்தகம் கிடந்தது. தம்பிக்கு விலாசத்தைப் பிழையில்லாமல் எழுதலாம் என்றுதான் பிரித்தேன். இலங்கையில் நாமெல்லாம் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தபோது, “இந்த நாடு வேணாங்குது, அப்பா பொறந்த திருநள்ளாறு பிரெஞ்சுக்காரன் ஊரு, அவன் வேணுங்குறான்” என்று பிரெஞ்சுக்காரன் ஆளுகிற சைகோனுக்குக் கிளம்பியவனாயிற்றே. அவன் போன திசையின் பாஷை எனக்குக் கொஞ்சமாவது தெரியட்டும் என்று விடாமல் படித்தேன். இப்போது உதவிவிட்டது.

விஷயம் இதுதான். தம்பி சாமான் ஏற்றிக்கொண்டு ஆற்றில் போன படகு திரும்பவில்லை. தேடியும் அதில் போனவர்கள் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஒரு வரி. அதை அப்படியே எழுதுகிறேன்: ‘நூ க்ரெஞோன் கில் ந சுவா மோர்.’ மோர் என்றால் நாம் குடிக்கிற மோர் இல்லை, இறந்தவர். ‘ந’ என்றால் இல்லை. ஆகவே தம்பி இறந்துவிடவில்லை. க்ரெஞோன் என்றால் பயப்படுகிறோம் என்று அர்த்தம். அது வெள்ளைக்காரர்களின் மரியாதைப் பேச்சு. உன் அண்ணனுடைய ஆபீஸ் துரை லீவு இல்லை என்பதற்கும் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்றுதான் ஆரம்பிப்பாராம். அவருக்கு என்ன பயம்?

எங்கேயோ இருக்கிறான், பெரியாயி. பிள்ளைக்கு நெற்றியில் திருநீறு பூசிவிடு.

ஆசிகளுடன்,
கமலாம்பிகை

—

லுணுகலை, மேற்பிரிவு
3.3.1954

மதிப்புக்குரிய அண்ணிக்கும் அண்ணனுக்கும் பெரியாயி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். பிள்ளைக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்கு வலி அப்படியேதான் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் இப்போது கைக்குழந்தைகள் அதிகம். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விடியும்போதே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்று அழுதால் எல்லாம் சேர்ந்து அழும்.

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அன்னக்கிளியிடம் அப்பா இருக்கிறார் என்று சொன்னேன். “எங்க?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “அப்ப இருக்காருன்னு எப்படித் தெரியும்?” என்றாள். உங்கள் பேச்சுத்தான் அவளுக்கு.

அண்ணி, ஒன்று கேட்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். இறக்கவில்லை என்று நிச்சயமாகத்தான் எழுதியிருக்கிறார்களா?

பெரியாயி

—

பதுளை
20.3.1954

அன்புள்ள பெரியாயிக்கு, கோயிலுக்குப் போய்வந்த கையோடு எழுதுகிறேன். வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணனுக்கு மட்டும் மூட்டில் கொஞ்சம் வீக்கம்.

நிச்சயமா என்று கேட்டிருந்தாய். பிரெஞ்சில் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அவர்கள் வினைச்சொல்லுக்கு இரண்டு முகம். எனக்குக் கணக்கு எழுதிப் பழகிய கையாதலால் கொப்பியில் நடுவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கைக்கு வந்தது. வலப்பக்கம் வர வேண்டியது. நடந்துவிட்ட காரியத்துக்கு இடப்பக்க முகம். நடக்குமோ நடக்காதோ, நடக்க வேண்டுமே என்பதற்கெல்லாம் வலப்பக்க முகம். எந்த முகத்தைப் போடுவது என்பதை முன்னால் நிற்கிற இணைப்புச் சொல் தீர்மானிக்கும். ‘அப்ரே க’ என்றால் ‘பிறகு’. மழை பெய்த பிறகு என்றால் பெய்தாகிவிட்டது, இடப்பக்கம். ‘அவான் க’ என்றால் ‘முன்னால்’. மழை வருவதற்கு முன்னால் என்றால் இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம், வலப்பக்கம். ‘பார்ஸ் க’, ஏனென்றால் என்பது இடம். ‘பியேன் க’, இருந்தாலும் என்பது மட்டும் விசித்திரம். நடந்து முடிந்ததைச் சொன்னாலும் வலப்பக்கத்து முகத்தைத்தான் கேட்கிறது. இருந்தாலும் என்று ஆரம்பித்துவிட்டால் மனம் எதையும் முழுசாக ஒப்புக்கொள்ளாது போலிருக்கிறது.

நம் வரியில் வருகிற ‘சுவா’ வலப்பக்கத்தைச் சேர்ந்தது. அது ஏன் என்கிற பாடம் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. இன்னும் அங்கே போகவில்லை. ஆனால் ‘ந’ என்பது முதல் பாடத்திலேயே வருகிறது. அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆடிவேலுக்கு உன் பேரிலும் தம்பி பேரிலும் கதிர்காமத்துக்கு நேர்ந்திருக்கிறேன். சைகோனுக்குத் திரும்பக் கேட்டும் எழுதிப் போட்டுவிட்டேன்.

கமலாம்பிகை

—

லுணுகலை, மேற்பிரிவு
11.7.1954

அண்ணிக்கும் அண்ணனுக்கும் வணக்கம். அண்ணன் மூட்டுக்கு வேப்பெண்ணெய் தடவிப் பாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.

நாலு மாதமாக எழுதவில்லை. உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. எழுதக்கூடாது என்றில்லை. தாளை எடுத்து வைத்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

காற்றுக்கு லயத்துக் கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. கங்காணியிடம் சொன்னேன், “பாப்போம் பாப்போம்” என்றார். ஒருவாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேக்டரியில் எஞ்சின் பார்க்கிற சின்னராசா வந்து அடித்துக் கொடுத்தார். மனைவி காய்ச்சலில் போனதிலிருந்து தனியாக இருப்பவர். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை.

சைகோனிலிருந்து பதில் வந்ததா? வந்தால் உடனே எழுதுங்கள். எந்தப் பதில் என்றாலும்.

பெரியாயி

—

பதுளை
2.8.1954

பெரியாயிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பதாக ஜௌபர் நானா சொன்னார். லயம் லயமாகத் துணி மூட்டையோடு போகிறவர் இங்கேயும் வந்தார். சேலையை விரித்துக்கொண்டே சொன்னார்: “ஒங்கட தம்பி பொஞ்சாதியும் எஞ்சின்காரரும் ஒரு கொடைக்குள்ள லுணுகலைக் கடைத்தெருவால வந்ததக் கண்டேன். நல்ல மழை. நனையாம வந்திச்சு ரெண்டு பேரும்.” நான் சேலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

தகரம் அடித்துக் கொடுத்தவர் குடையும் பிடிப்பாரா? நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாக எழுதுவாய் என்று பார்த்திருந்தேன்.

என் தம்பி சாகவில்லை. எழுத்தில் இருக்கிறது. நீ பூவும் பொட்டுமாக இருப்பது அவன் இருக்கிறான் என்பதால்தான். அதை மறந்துவிடாதே. தினமும் அவனுக்காக நான் விளக்கேற்றி வைக்கிறேன். நீயும் ஏற்று.

கமலாம்பிகை

—

லுணுகலை, மேற்பிரிவு
15.8.1954

அண்ணிக்கு வணக்கம். உடம்பைப் பற்றிக் கேட்டு எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும் நன்றாக இருங்கள்.

ஆமாம், ஒரே குடைதான். என்னிடம் குடை இல்லை. இருந்ததை அவர் சைகோனுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மறைத்து எழுதிப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன். ஆனி மாதமே சின்னராசா கேட்டுவிட்டார். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று கேட்டார், உள்ளே வரவில்லை. “இந்தா பாரு, ஒன் புருசன் இருக்காருன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். இல்லேன்னா சொல்லு. ஊரறியத் தாலி கட்டிக் கூட்டிக்கிட்டுப் போறேன். பிள்ளைய எம்பிள்ளையா வச்சுக்குவேன்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இருக்காரு, அண்ணி எழுதியிருக்காங்க” என்றேன். “சரி” என்று போய்விட்டார். மழையன்று குடைக்குள் வரும்போது, ரெண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. ஜௌபர் நானா அதையும் சொல்லியிருக்கலாம்.

அவருக்கு மொனராகலையில் ரப்பர் தோட்டத்து வேலை கிடைத்திருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் போகிறார். போனால் போனதுதான்.

நான் கெட்டவள் இல்லை, அண்ணி. எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஒருவன் செத்தால் அழுது ஓயலாம். இருக்கிறான் என்றால் சமைத்து வைக்கலாம். இது இரண்டும் இல்லை. விளக்கும் தினம் ஏற்றத்தான் செய்கிறேன். என்ன வேண்டுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். எனக்காகக்கூட வேண்டாம். சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரியாயி

—

பதுளை
19.9.1954

அன்புள்ள பெரியாயிக்கு, உன் கடிதம் கிடைத்து ஒரு மாதமாகிறது. வீட்டில் சுகம். உன் அண்ணன் வீக்கம் வேப்பெண்ணெயில் வற்றிவிட்டது, உன் கைராசி என்றார். பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன், கை நீளம் போதுமா என்று பார்.

சைகோனிலிருந்து பதில் இல்லை. அங்கே சண்டை நின்று பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்களாம். என் கடிதத்தை யார் பிரித்தார்களோ.

நீ பார்க்கச் சொன்ன வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பாடத்தைப் படிக்கிறேன். கஷ்டமான பாடம். கொஞ்சம் பொறு.

கமலாம்பிகை

—

லுணுகலை, மேற்பிரிவு
3.10.1954

அண்ணிக்கும் அண்ணனுக்கும் வணக்கம். சுகம். சட்டை அளவு சரி. அன்னக்கிளி கழற்றவே மாட்டேன் என்கிறாள்.

ஐப்பசி பிறக்க இரண்டு கிழமை இருக்கிறது. அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பாடம் முடிந்ததா?

பெரியாயி

—

பதுளை
18.10.1954

என் பெரியாயிக்கு,

சுகம் விசாரிக்க முகமில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

‘ந’ என்றால் இல்லை என்று எழுதினேன். அது தப்பு. பயப்படுகிறோம் என்ற சொல்லுக்குப் பின்னால் இணைப்புச் சொல்லும் வந்து, வலப்பக்க முகமும் வந்தால், நடுவில் நிற்கிற ‘ந’வுக்கு அர்த்தமே கிடையாதாம். வெறும் அலங்காரம். கடைசிப் பாடத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. ‘அவர் இறந்திருப்பாரோ என்று அஞ்சுகிறோம்.’ அவர்கள் எழுதியது இவ்வளவுதான். மரியாதைப் பேச்சு இல்லை, நிஜமான பயம்.

இது புரட்டாசி நடுவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அர்த்தமில்லாத ‘இல்லை’ எந்த ஊரில் இருக்கும் என்று புத்தகத்தோடு சண்டை போட்டேன். அப்புறம் ஒரு நாள் உன் அண்ணன் பண்டாரவளைக்குப் போனவர் நேரத்துக்கு வரவில்லை. மலையில் நல்ல பனி. வாசலில் நின்றுகொண்டு, “பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாதே, ஆகியிருக்கக் கூடாதே” என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே சுருக்கென்றது. ஒன்றும் ஆகவில்லை என்றா நான் சொல்கிறேன்? ஆகியிருக்குமோ என்றுதானே பயப்படுகிறேன். அந்தக் ‘கூடாதே’ என் ஆசை, சேதி இல்லை. பிரெஞ்சுக்காரனுக்கும் பயம் வந்தால் வாயில் அந்தச் சொல் வந்துவிடுகிறது போலிருக்கிறது. அவன் ஆசையை எடுத்து உனக்குச் சேதியாக அனுப்பிவிட்டேன்.

அவர் வந்தார். காபி குடித்து முடித்ததும் அவரிடம் சொன்னேன். “எழுதினியா அந்தப் பிள்ளைக்கு?” என்றார். இல்லை என்றேன். “எழுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதன்பிறகும் நாள் கடத்தினேன். சாமி முன்னால் உட்கார்ந்து உத்தரவு கேட்டேன். எனக்கு வேண்டிய உத்தரவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. இறந்தார் என்றும் அவர்கள் எழுதவில்லை. ‘சுவா’ வலப்பக்கத்துச் சொல். கைக்கு வந்தது இல்லை. உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை, இல்லை என்று சொல்லவும் வழியில்லை. இதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றுமில்லை.

நேற்று ஐப்பசி பிறந்துவிட்டது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கமலாம்பிகை

—

மொனராகலை
7.11.1954

அண்ணிக்கும் அண்ணனுக்கும் பெரியாயி வணக்கத்துடன் எழுதுகிறேன். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வெயில். பிள்ளைக்கு இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கும் இடுப்பு பரவாயில்லை.

உங்கள் கடிதம் லுணுகலைக்குப் போய், அங்கிருந்து தப்பால்காரர் விலாசம் மாற்றி அனுப்பி, முந்தாநாள்தான் கைக்குக் கிடைத்தது. ஐப்பசி பிறப்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன். பேக்டரி வாசலில் நின்றவரிடம் போய், “நானும் வாரேன்” என்றேன். “கடுதாசி வந்துருச்சா?” என்று கேட்டார். வரவில்லை என்றேன். “அப்ப அவரு?” என்றார். “தெரியாது. தெரியாமத்தான் வாரேன். ஒங்களுக்கு முடியும்னா சொல்லுங்க” என்றேன். யோசித்தார். அவர் யோசித்ததால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அப்புறம், “பிள்ளையோட துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டார்.

நல்லவேளை, அண்ணி, உங்கள் கடிதம் பிந்தியது. முந்தி வந்திருந்தால் நீங்கள் சொல்லி வந்தவளாக ஆகியிருப்பேன். பிறகு ஒரு காலத்தில் அவர் வந்து நின்றால் பழி உங்கள் தலையில் விழும். இப்போது யார் சொல்லியும் வரவில்லை.

ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லயத்துப் பெரியவர்கள் முறைப்படி தாலி அறுத்து, வெள்ளைச் சேலை கொடுத்து, அதன்பிறகுதான் இன்னொன்று கட்டவேண்டும் என்று நின்றார்கள். நான் அறுக்கவில்லை. செத்தவருக்குத்தான் அறுப்பார்கள். கோயில் முன்னால் உட்கார்ந்து முடிச்சை நானே அவிழ்த்தேன். மஞ்சள் ஏறி இறுகிப்போயிருந்தது, நேரமெடுத்தது. கங்காணி பெண்சாதி, “இதென்னடி புதுப் பழக்கம், அறுக்கவும் இல்ல, கட்டவும் இல்ல?” என்று கேட்டாள். எனக்கு இதுதான் தெரியும் என்றேன். கயிற்றை அறுக்காமல் முழுசாக இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அவர் வந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். என்ன செய்யவேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும்.

உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அன்னக்கிளிக்கு அத்தை நீங்கள் ஒருவர்தான்.

பெரியாயி

—

பதுளை
20.11.1954

அன்புள்ள பெரியாயிக்கு, கமலாம்பிகை எழுதுவது. மழை விடாமல் பெய்கிறது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். மொனராகலைத் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா? கொதிக்கவைத்துக் கொடு.

தாலி வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை. உன் அண்ணன் கடையில் பாண் ரொட்டி வாங்கிவந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். கோபம் இருக்கும் என்று எழுதியிருந்தாய். கோபம்தான். உன்மேல் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் தம்பிமேல் வந்தது. ஆற்றுமேல், படகுமேல், எங்களைப் பிரஜை இல்லை என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தவர்கள்மேல், இத்தனை நாள் எனக்கு ஒத்தாசையாக இருந்த அந்தப் புத்தகத்தின்மேல்கூட வந்தது. எல்லார் மேலும் வந்து முடிந்தபிறகு சோர்வுதான் மிச்சம். நீ களைப்பாக இருக்கிறது என்று எழுதியபோது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. உனக்கு இது மாதக்கணக்கில் இருந்திருக்கிறது.

சைகோனுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். உனக்காக அல்ல. ‘பெரியாயி காத்திருக்கிறாள்’ என்று இதுவரை எழுதிவந்ததை இந்த முறை எழுதவில்லை. ‘அவனுடைய அக்கா காத்திருக்கிறாள்’ என்று எழுதினேன். அது உண்மை, இடப்பக்கத்து வினையில் பிசகில்லாமல் எழுதலாம். எனக்கு அவன் ஒரே தம்பி. வந்தாலும் வராவிட்டாலும் தம்பிதான். எனக்கு அவிழ்க்கவோ அறுக்கவோ ஒன்றும் இல்லை. அதனால் காத்திருக்கிற வேலை இனி என்னோடு இருக்கட்டும், நீ இறக்கி வைத்துவிடு. கயிறு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் வந்தால் நானே கொடுத்துச் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொள்கிறேன்.

தைப்பொங்கலுக்கு வாருங்கள். மூன்று பேரும். உன் அண்ணன் பஸ் நிலையத்தில் வந்து நிற்பதாகச் சொல்கிறார், ஆனால் எஞ்சின்காரருடைய முகம் அவருக்குத் தெரியாது என்பதால் அன்னக்கிளியை முன்னால் விட்டு நடக்கச் சொல்.

அவருக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று எழுது. சமைக்க வேண்டும்.

கமலாம்பிகை